படகில் எழுதிய லத்தீன்

எங்கள் ராயபுரம் சந்தில் அலெக்ஸாண்டரைவிட அதிகம் படித்தவர்கள் உண்டு. லத்தீன் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் இரண்டு வருஷம் இருந்து, ஒத்துவராமல் திரும்பி, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். அந்த இரண்டு வருஷத்து லத்தீனை வைத்துக்கொண்டு அரை சாமியாராகவே வலம் வருவார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவருடைய தம்பி நெல்சன் ஃபைபர் படகு வாங்கியபோது 'மாரே நோஸ்த்ரும்' என்று பேர் வைத்தது அவர்தான். லத்தீன் என்றாலே எங்கள் ஆட்களுக்கு மாதா கோயில் பூசை ஞாபகம். நெல்சன் அதை ஜெபம் என்றே நினைத்துவிட்டான். தினமும் அந்த எழுத்தைத் தொட்டு முத்தமிட்டு, சிலுவை போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்குவான். அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்பார், திருத்த மாட்டார். பெருமையாக இருந்ததோ என்னவோ.

போன நவம்பரில், துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிய அன்றும் நெல்சன் கிளம்பினான். நாங்கள் பத்துப் பேர் கரையில் நின்றிருந்தோம்.

"போவாதடா," என்றார் அலெக்ஸாண்டர்.

"நீ எய்தின ஜெபம் கீதே அண்ணாத்த, கடலு இன்னா பண்ணிடும்?"

எல்லோரும் சிரித்தோம். அலெக்ஸாண்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நான்காம் நாள் நெல்சனின் உடல் எண்ணூரில் ஒதுங்கியது.

வருஷ நினைவுக்குக் கல்லறையில் சிலுவை வைக்க ஏற்பாடு நடந்தது. நெல்சனின் மனைவி சுகிர்தம் அவரிடம் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"அந்த ஜெபத்த எய்திக் குடுங்க மாமா. கல்லுல வெட்டச் சொல்றேன்."

நானும் அங்கேதான் இருந்தேன். அவர் தாளைத் தொடாமல் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு பாடம் நடத்துவதுபோல் ஆரம்பித்தார். மாரே என்றால் கடல். அந்த மொழியில் கடல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. அதனால் கூட வரும் சொல்லும் அதற்கேற்ப மாறி நோஸ்த்ரும் ஆகிறது. நம்முடையது என்று அர்த்தம். மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த கரையெல்லாம் பிடித்த பிறகு ரோமாபுரிக்காரர்கள் அதை அப்படிக் கூப்பிட்டார்கள். 

"ஜெபம் இல்லம்மா. வெறும் பேரு. திமிர்ல வெச்ச பேரு."

சுகிர்தம் அழவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இத்த அன்னிக்குக் கரையில சொல்லியிருந்தா அவரு போயிருக்க மாட்டாரே, மாமா."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேனாவை மூடினார். அன்று சிரித்த என்னாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.