அக்காவுக்கு நிறம் கொடுத்தது

“சித்தி, எங்கம்மா மூஞ்சி எப்பிடி இருக்கும்?”

அங்கன்வாடியிலிருந்து வந்தவள், ஈரக் குடையைக்கூட மடக்காமல் இப்படிக் கேட்டாள். என் அக்கா மகள். நாலு வயசு. அக்காவைக் காய்ச்சலோடு போடிமெட்டு மலைப்பாதையில் இறக்கித் தேனி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய், வெறும் உடம்பாகத் திரும்பக் கொண்டுவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் முகம் மறந்துவிட்டதா? குழந்தைமேல் கோபப்பட முடியாது, செத்தவள்மேலும் முடியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்கு மச்சானைப் பிடித்துக் கத்தினேன். மச்சான் அக்காவின் வீட்டுக்காரர். சின்னக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். பாவம், பால் பாத்திரத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அக்காவின் போனைத் திறந்து பார்த்தோம். எக்கச்சக்கமான படங்கள், அத்தனையும் மகள்தான். எடுத்தவள் அக்கா என்பதால் ஒன்றிலும் அவள் இல்லை. எங்கள் லயத்துப் பெண்கள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், வேலை உடுப்போடு படம் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். கொழுந்து வெட்டும்போது எவனாவது காரை நிறுத்திப் போனைத் தூக்கினால் முதுகைக் காட்டி நின்றுகொள்வார்கள். படம் என்றால் பட்டுச்சேலை கட்ட வேண்டும், பூ வைக்க வேண்டும். மிஞ்சியது கல்யாண ஆல்பம் ஒன்றுதான். அதில் ஸ்டுடியோக்காரன் அக்காவை வெள்ளையடித்து வைத்திருந்தான். எங்கள் பரம்பரையிலேயே அந்த நிறத்தில் ஒருத்தரும் பிறந்ததில்லை.

“நீதான் படம் போடுற புள்ளையாச்சே. ஒன்னு போட்டுக் குடேன்” என்றார் மச்சான்.

ஆமாம், அதுதான் என் பிழைப்பு. கொச்சியில் ஒரு கம்பெனி குழந்தைகளுக்குக் கதை வீடியோ செய்கிறது. அதில் வருகிற ராஜகுமாரி, சிங்கம், முயல் எல்லாம் நான் லயத்து வீட்டில் உட்கார்ந்து டேப்லெட்டில் வரைவது. கண்ணைப் பெரிதாக்கு, மூக்கைச் சின்னதாக்கு என்று அங்கிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அக்கா விஷயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. முதலில் ஒரு முட்டை வடிவம், நடுவில் குறுக்குக்கோடு, கோட்டின்மேல் கண். எந்தக் கதாபாத்திரத்துக்கும் இப்படித்தான் தொடங்குவேன். கை பழக்கத்தில் கண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டது. அழித்தேன். மறுபடியும் பெரிதாகவே வந்தது. “சனியனே, உனக்கு வேற கண்ணே தெரியாதா?” என்று என் கையையே திட்டினேன்.

கோடு முடிந்ததும் அதன் அடியில் தனித்தனி அடுக்காக, லேயரில், நிறம் நிரப்பினேன். தோலுக்கு ஒன்று, சேலைக்கு ஒன்று, நகைக்கு ஒன்று. ஆல்பப் படத்தை டேப்லெட்டில் ஏற்றி, தோல் நிறத்தைத் தொட்டு எடுத்தால் ரோஸ் பவுடர்தான் வந்தது. என் முழங்கையைப் பார்த்து நிறம் கலந்தேன். அக்கா என்னைவிடக் கறுப்பு, இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கினேன். கன்னத்தில் நிழல், நெற்றியில் வெளிச்சம். சேலைக்கு ஆசை தீர அரக்குப் பட்டு. உயிரோடு இருந்தபோது போட்டுப்பார்க்காத அட்டிகை, ஜிமிக்கி, ஒட்டியாணம் எல்லாம் போட்டேன். செலவா பண்ணப்போகிறேன்? என் அக்காதானே, போட்டுக்கொள்ளட்டும் என்று அழுதுகொண்டே போட்டேன்.

படத்தைப் பார்த்த குழந்தை செருப்பைக் கழற்றினாள். கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சாமி, எங்கம்மாவ சீக்கிரமா அனுப்பிரு.”

அம்மா சாமிகிட்ட போயிருக்கிறாள் என்று நாங்கள்தானே சொல்லிவைத்திருந்தோம். மச்சான் வெளியே போய், நின்றிருந்த ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்தார். மழை பெய்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் யோசித்தேன். அந்தக் குழந்தை அக்காவைப் பட்டுச்சேலையில் எப்போது கண்டது? நகை லேயர்களையெல்லாம் அழித்தேன். சேலையையும் அழித்தேன். தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, மேலே மச்சானின் பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாள், காலில் பூட்ஸ். தேயிலைக் கறை பிடித்த விரலுக்குச் சரியான நிறம் வருவதற்குள் மதியச் சோறு ஆறிப்போனது. கண்ணும் இந்தத் தடவை தானாகவே சின்னதாக வந்தது. முடித்துப் பார்த்தபோது அவளேதான். “ஏட்டி, என்ன முழிக்க?” என்று கேட்கப்போவதுபோல நின்றாள்.

மச்சானுக்கு வந்ததே கோபம்!

“செத்த பொறகும் அவள வேலைக்கு அனுப்புறியா? இந்தச் சட்டையக் கழட்டணும்னுதான நான் ராப்பகலா வண்டி ஓட்டுனேன்? ஒனக்கு அறிவிருக்கா?”

“உங்க மகளுக்குப் பொம்ம வேணுமா, அம்மா வேணுமா?” என்று நானும் கத்தினேன். “சாமின்னு கும்பிட்டாளே, அது நல்லாருந்துச்சா?”

சண்டைச் சத்தம் கேட்டுக் குழந்தையே உள்ளே வந்துவிட்டாள். டேப்லெட்டைப் பார்த்ததும் நின்றாள்.

“அம்மா!”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வா, கிட்ட வந்து பாரு என்று கூப்பிட்டேன். வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசல் பக்கமே நின்றாள்.

“தொடக் கூடாது. மருந்து.”

எனக்குப் புரியவில்லை. மச்சான்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தேயிலைக்கு அடித்த மருந்து உடுப்பெல்லாம் ஒட்டியிருக்கும் என்று, வேலை விட்டு வந்ததும் அக்கா பிள்ளையைக் கிட்டவே விடமாட்டாளாம். தள்ளி நில்லு, அம்மா குளிச்சிட்டு வந்து தூக்குறேன் என்பாளாம். நான் அந்த வருஷங்களில் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

“அம்மா குளிச்சிட்டு வரட்டும்” என்று சொல்லிவிட்டுக் குழந்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மறுபடியும் பேனாவை எடுத்தேன். சட்டை லேயரை மறைத்தேன், துண்டை மறைத்தேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்க வருகிற அக்காவை நான் எங்கே பார்த்தேன்? மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தேன். பச்சை நைட்டி, தோளில் சாயம் போயிருக்கும். முடியை முன்பக்கம் போட்டு உதறிக்கொண்டே வருவாள். “வெந்நி ஊத்திட்டு வந்தாள்னா மூக்கு நுனி மட்டும் செவந்திருக்கும்” என்றார். அந்த இடத்தில் லேசாகச் சிவப்பைத் தடவினேன். அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

படத்தைத் திருப்பிக் குழந்தை பக்கம் வைத்தேன். அவள் எழுந்து ஓடிவந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். ஈர முடியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

“தூக்கு.”

படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சிரிக்க வரைந்திருந்தேன்.

“தூக்கும்மா.”

தாங்க முடியாமல் நான் குனிந்து தூக்கினேன். அவள் நெளிந்து, என் வயிற்றில் உதைத்து, இறங்கிக்கொண்டாள்.

“நீ இல்ல” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் படத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.