எழுப்பவா, இடிக்கவா

சுவரை விரல் முட்டியால் அங்கங்கே தட்டி, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்கிறார். மெதுவாகத்தான் நகர்கிறார். எங்கே சுவர் பலவீனமோ அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பிறகு சம்மட்டியைப் பிடிப் பக்கமாகத் திருப்பி வீட்டுக்காரரிடம் நீட்டுகிறார். இஸ்திரிச் சட்டை போட்ட வீட்டுக்காரர் தயங்குகிறார். "சும்மா ஒரு தட்டு தட்டுங்க சார். மிச்சத்தை நாங்க பாத்துக்குறோம்." தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவருக்கு மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி, தோளைப் பிடித்து அரையடி இடப்பக்கம் நகர்த்துகிறார். செங்கல் காலில் விழாத இடம் அது. வீட்டுக்காரர் குறியின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு, சரிதானா என்பதுபோல் திரும்பிப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் கடப்பாரையைத் தொடலாம்.

கட்டடம் இடிப்பது அவர் தொழில். தெருவில் பட்டப்பெயர் தரைமட்டம். கூப்பிட்டால் கோபம் வராது, திரும்பிப் பார்ப்பார்.

சொந்தக்காரர் கையால் முதல் அடி என்ற சட்டம் ஒரு மதில் சுவரால் வந்தது. பின்கட்டை இடிக்க இவரை வைத்திருந்த ஒருவர், வெளிநாட்டிலிருந்து போன் செய்து, மதிலையும் 'ரெய்ஸ்' பண்ணிவிடுங்கள் என்றார். உயர்த்தச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அதே ஓசையில் இன்னொரு சொல் உண்டு. அதற்குத் தரைமட்டமாக்கு என்று பொருள். தொழிலில் இவர் காது பழகியிருந்தது அந்தச் சொல்லுக்குத்தான். மத்தியானத்துக்குள் மதில் மண்ணோடு மண். அதைத் திரும்பக் கட்ட வந்த கொத்தனாருக்கு ஒரு வாரம் செங்கல் எடுத்துக் கொடுத்தார்.

"எழுப்புறதுக்கும் இடிக்கிறதுக்கும் ஒரே சத்தம் வெச்சிருக்கான் பாருங்க. ஒரு நாளாவது செங்கல் சுமந்திருப்பானா அவன்?" என்பார், யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து ஆங்கிலத்தைச் செய்ததுபோல.

அன்றிலிருந்து எந்த ஆங்கிலச் சொல்லையும் அவர் நம்புவதில்லை. விமான நிலையத்திலிருந்து மச்சான் மகன் போன் செய்து இமிக்ரேஷனில் நிற்பதாகச் சொன்னபோது, "இமியா, எமியா? வர்றியா, போறியா? அதை முதல்ல சொல்லு" என்றார். ரத்த அழுத்தத்துக்குக் காட்டப் போனார். ஹைப்பர் என்று சொன்ன டாக்டரை ஹைப்போவா என்று திருப்பிக் கேட்டு, இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழ, மேலேயா கீழேயா என்று கையால் காட்டச் சொன்னார். டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஏறியிருக்கிறது என்கிறாரா, நன்றாயிருக்கிறது என்கிறாரா என்று வீடு வரும்வரை மனைவியைப் பிடுங்கி எடுத்துவிட்டார்.

அந்த வீட்டில்தான் இப்போது சிக்கல். கொத்தனாரிடம் நின்ற ஒரு வாரப் படிப்பை வைத்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே அவரே ஒரு சுவர் எழுப்பியிருந்தார். வாழ்நாளில் அவர் எழுப்பிய ஒரே சுவர். நடுவில் தொந்தி போட்டிருக்கும். ஆணி நிற்காது. கூடத்து ஜன்னல் வெளிச்சத்தை அது மறித்துக்கொண்டதால், மனைவி பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குகிறார். போன வாரம் தட்டு அலமாரி அதிலிருந்து பெயர்ந்து விழுந்தது. அடுத்தது சுவர்தான், அதற்குள் இடித்துவிடுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டார்.

பார்க்கலாம் என்றார். ஆட்களுக்கு ஓய்வில்லை என்றார். கூரையே அதன் மேல்தான் நிற்கிறது என்றார். மனைவி ஸ்டூலில் ஏறி, சுவருக்கும் கூரைக்கும் நடுவே துடைப்பத்தை நுழைத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை இழுத்துக் காட்டினார்.

"அண்ணே, அதுக்கெல்லாம் சம்மட்டி எதுக்கு? பக்கத்துல நின்னு தும்முனா போதும்" என்றான் ஆட்களில் ஒருவன். அவனோடு சாயங்காலம்வரை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாமான் அறையிலிருந்து மனைவி சம்மட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, இந்த வீடு யாரு பேர்ல இருக்கு?"

"உன் பேர்லதான்."

"அப்ப முதல் அடி யாரு அடிக்கணும்?"

அவர் சட்டம் அவர் மேலேயே வந்து விழுந்தது. சுவரின் தொந்தியை உள்ளங்கையால் தடவினார். "ஒண்ணே ஒண்ணுதாம்மா கட்டியிருக்கேன்" என்றார்.

"தெரியும். அது காயாம இருக்க வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தினது யாரு? இடிக்க எனக்கு மட்டும் ஆசையா?"

சொல்லிவிட்டு மனைவி சம்மட்டியைத் தூக்கினார். முழங்காலுக்கு மேல் அது வரவில்லை. கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அவர் உள்ளே போய்த் தலைக்கவசத்தை எடுத்து வந்தார். மனைவியின் கொண்டைக்கு மேல் அதை மாட்டி, வாரை இளக்கிப் பூட்டினார். தோளைப் பிடித்து அரையடி இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, எங்கும் தட்டிப் பார்க்காமல், நேராக ஓரிடத்தில் பெருக்கல் குறி போட்டார்.