நரம்பு மாத்திரையும் ஆத்தாவும்

எனக்குச் சாமி வந்த கதையை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்வார்கள். எனக்குத்தான் அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கந்தர்வக்கோட்டையிலிருந்து முந்திரிக்கொல்லைகளுக்கு நடுவே போகிற ரோட்டில் இருக்கிறது ஊர். அங்கே வந்து கேட்டு ஏமாறுவதற்குப் பதிலாக, நானே சொல்லிவிடுகிறேன்.

என் இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் அழுதார், நான் அவரைத் தேற்றினேன். அதன் பிறகுதான் படபடப்பு ஆரம்பித்தது. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சைத் தூக்கிப்போடும், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் வேர்த்துவிடும். என் மாமியாரை நான் அத்தை என்பேன். அத்தைதான் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த மகராசன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு மாத்திரை எழுதினார். "கொஞ்ச நாளைக்குப் போடுங்க" என்றார். எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்று ஒரு வார்த்தை கிடையாது.

மாத்திரை என்னவோ நல்ல மாத்திரைதான். போட்ட கொஞ்ச நேரத்தில் மனசு ஓய்ந்து, உடம்பு பஞ்சாகிவிடும். அத்தை அதற்கு நரம்பு மாத்திரை என்று பேர் வைத்தார். நரம்புக்குச் சத்து என்று நினைப்பு. எங்கள் பக்கத்து மெடிக்கலில் சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். தீர்ந்துபோன காலி அட்டையை நீட்டினால் போதும், அதே மாதிரி புது அட்டை கைக்கு வந்துவிடும். காலி அட்டைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருப்பேன். பாதி மாத்திரையில் ஆரம்பித்தது, வருடம் போகப் போகப் பாதி பத்தாமல் போய், ஒன்றும் பத்தாமல் போனது.

சாம்பாருக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போடுவேன். மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்தது ஞாபகம் இருக்காது. அய்யய்யோ பிள்ளை எங்கே என்று வீடு முழுக்கத் தேடுவேன். ஞாயிற்றுக்கிழமை மெடிக்கல் மூடியிருக்கும் என்ற நினைப்புக்கே சனிக்கிழமை எல்லார் மேலும் எரிந்து விழுவேன். இதற்குப் பேர் அடிமைப்படுவது என்று யாரும் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தால் நாறும், ஊர் பேசும். இது நாறாது. நான் பாட்டுக்கு அமைதியாக இருந்தேன். மருமகள் அமைதியாக இருக்கிறாள் என்று எந்த வீட்டிலாவது கவலைப்படுவார்களா?

சாமி வந்த அந்த வருடம் எனக்குக் குணமானதாக அத்தை முடிவு செய்தார். குணமானால் தீச்சட்டி எடுக்க வைப்பதாக அம்மனுக்கு வேண்டியிருந்தாராம். திருவிழாவுக்கு எனக்கும் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியில் கைநனைக்கக் கூடாது என்பது ஊருக்கே உள்ளது. இங்கிலீஷ் மருந்தும் கூடாது என்பது அத்தை சேர்த்துக்கொண்டது.

"ஆத்தாவுக்குக் காப்புக் கட்டிட்டு மருந்தத் திம்பியாடி? எல்லாத்தையும் அவ பாத்துக்குவா" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

முதல் நாள் தூக்கம் போனது. மறுநாள் தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது, கை நடுங்கிச் செம்பைப் பிடிக்க முடியவில்லை. அத்தையிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "வாரா, வாரா" என்றார். கோயில் வாசலில் உறுமி அடிக்க ஆரம்பித்ததும் என் தாடை இறுகியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது மஞ்சள் தண்ணீரில் நனைந்து, வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தேன். காலையில்தான் "ஏண்டி" என்று கூப்பிட்ட அத்தை கைகூப்பி, "என்ன கொறை வச்சோம் தாயே, சொல்லுங்க" என்று அழுதுகொண்டிருந்தார். ஒருத்தி குனிந்து என் காதில், "தாயி, எம் மகனுக்கு விசா வருமா?" என்றாள். வலி தாங்காமல் "ம்ம்" என்று முனகினேன். கெட்ட நேரம், அந்தப் பையனுக்கு விசா வந்துவிட்டது.

ஆத்தா மலையேறியதும் வீட்டுக்கு வந்து, அத்தை பிடுங்கி வைத்திருந்த மாத்திரையைத் தேடியெடுத்துப் போட்டுத் தூங்கினேன். அதன் பிறகு செவ்வாய், வெள்ளி வீட்டு வாசலில் செருப்பாகக் கிடக்கும். கல்யாணம் ஆகுமா, போர்வெல்லில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். நான் மாத்திரை மயக்கத்தில் தலையை ஆட்டுவேன். அத்தை அதற்கு அர்த்தம் சொல்வார்.

உண்மை எனக்கு அடுப்படியில் தெரிந்தது. மெடிக்கல் வேறு ஆள் கைக்கு மாறி, புதிதாக வந்தவர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றுவிட்டார். மறுநாளே அதே எறும்பு, அதே வேர்வை, அதே ஆட்டம். உறுமி இல்லை, வேப்பிலை இல்லை, திருவிழாவே இல்லை. கேஸ் அடுப்பு முன்னால் தோசைக் கரண்டியோடு ஆடிக்கொண்டிருந்தேன். அடி பாவி, இதைத்தானா ஊர் கும்பிட்டது என்று எனக்கு உறைத்தது. அப்படியே பஸ் ஏறிப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு நாக்கக் கடிச்சீங்களா? சேலையிலேயே ஒண்ணுக்குப் போயிருந்துச்சா?" என்று கேட்டார். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதால் யாருக்கும் தெரியாமல் போனது எனக்கு மட்டும் தெரியும். ஆமாம் என்றேன்.

"அது வலிப்புங்க. இந்த மாத்திரைக்கு ஒடம்பு பழகிருச்சு. திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் வரும், உசுரே போயிருக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க. மாத்தித் தாரேன், கொஞ்சங் கொஞ்சமா கொறைப்போம். நாளாகும்."

அன்றைக்கு நான் அழுத அழுகை, பிள்ளை போனபோதுகூட அழுததில்லை. வலிப்பு வந்து கிடந்தவளிடம் விசா கேட்டிருக்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

வீட்டில் சொன்னேன். "சாமி எறங்குற ஒடம்ப பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டு காட்டிட்டு வந்துருக்கியே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். இனிமேல் காப்புக் கட்ட மாட்டேன் என்றேன். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் அடுத்த வருடம் காப்புக் கட்டுகிற அன்று காலையில் பிரிட்ஜ் மேல் வைத்திருந்த மாத்திரையைக் காணோம்.

"எலி கிலி இழுத்துருக்கும்" என்றார் அத்தை.

"எலிக்கென்ன படபடப்பா அத்தை?"

முறைத்தார். பிறகு மறைக்கவில்லை. "மாத்திரை உள்ள கெடந்தா ஆத்தா எப்புடிடி எறங்குவா? ஊரே ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாளுதானே. அம்மா மனசு கஷ்டப்படாம நடந்துக்க" என்றார். "ஏங்க, செத்துப்போவேங்க" என்றேன். அவருக்கு டூட்டி நேரமாம், வைத்துவிட்டார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். டாக்டரம்மா திட்டிவிட்டு வேறு மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து சொந்த வீட்டில் திருடியைப் போல மாத்திரையை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துத் திரிந்தேன்.

குறைப்பது லேசில்லை. ஒரு படி இறங்கினால் வாரக்கணக்கில் தூக்கம் கெடும், காரணமில்லாமல் கண்ணீர் வரும். முடியாமல் ஒருமுறை பழைய அளவுக்கே திரும்பினேன். "பரவாயில்ல, மெதுவா எறங்குவோம்" என்றார் டாக்டரம்மா. படபடப்பு வந்தால் மூச்சை இழுத்துவிடச் சொல்லித் தந்தார். போன பிள்ளையைப் பற்றிப் பேச வைத்தார். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. வருடத்துக்கு மேல் ஆகி, கடைசித் துண்டும் நின்றது.

இந்த வருடத் திருவிழாவில் மகளோடு கூட்டத்தில் நின்றேன். உறுமி அடித்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. "ஆத்தா அவள விட்டுட்டா. என்ன தீட்டுப் பண்ணுனாளோ" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். போன வருடம்வரை என் காலைத் தொட்டுக் கும்பிட்டவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அத்தை டீத் தம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லை. பல நாளுக்குப் பிறகு என் தலையைத் தடவினார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே. அந்தப் பழைய மாத்திரைய இப்பருந்து மறுபடி போட்டுக்கத்தா. நல்லா ஒடம்புல ஊறட்டும். அடுத்த காப்புக்கு நிறுத்திப் பாப்பம்."

"மொதத் தடவையே செத்திருப்பேன்னு டாக்டர் சொன்னாங்கத்தை."

"அதான் சாகலயேத்தா" என்றார்.