நலம் விசாரிக்க வந்தவர்

என் புற்றுநோய்க்கான பெரிய சிகிச்சையைத் தாங்க இதயம் பலப்பட வேண்டும் என்று, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் நான்கு முறைக்கே மூச்சு வாங்கியது. எண்ணிக்கை ஏற ஏற, இந்த நெஞ்சு இன்னும் எவ்வளவுதான் கற்றுக்கொள்ளும் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் எங்கள் நாமக்கல் பக்கம் நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். யாராவது பார்க்க வந்தால் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்வேன். ஒருநாள் நான் பயிற்சியில் இருக்கும்போதே மனைவியின் அண்ணன் சாத்துக்குடிப் பையோடு சத்தமில்லாமல் வந்துவிட்டார்.

“ஏனுங்க மாப்பிள்ள, இதெல்லாம் எதுக்குங்க? கம்முனு படுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “நீங்க பத்துத் தடவ எந்திரிச்சு உக்காருங்க மச்சான், படுத்துக்கறேன்.”

ஆறாவதில் அவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். எனக்கு வாங்கிவந்த சாத்துக்குடியை அவருக்குப் பிழிந்து கொடுத்தேன்.