மூன்று விரலில் ஒரு முடிச்சு

தாலியை மாப்பிள்ளை கையில் எடுத்ததும் நாங்கள் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: "அப்படியே இருங்க." மேளம் வேகம் பிடித்திருக்கும், அட்சதை எல்லோர் கைக்குள்ளும் சூடாகிக் கிடக்கும். போட்டோக்காரர் சொன்னால் அத்தனையும் நிற்கும். மாப்பிள்ளை தாலியோடு கேமராவைப் பார்ப்பார், சிரிப்பார். பெண்ணின் கழுத்துக்கும் மஞ்சள் கயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் காற்று. அந்தக் காற்றைப் படம் பிடித்துத்தான் இத்தனை வருஷம் சாப்பிடுகிறேன். அதைப் பார்த்து நான் முதன்முதலாகப் பயந்தது போன தை மாதம்தான்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையை ஒட்டிய மண்டபம். கம்பெனி பஸ் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை அறையின் கண்ணாடி நடுங்கும். பட்டு வேட்டியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை, வலது கையை அங்கவஸ்திரத்துக்குள் வைத்துக்கொண்டு. இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மிஷின் எடுத்துக்கொண்டது. பெண் வீட்டுக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுக்கிறார்கள். ஆனால் பெண்ணின் தாய்மாமன் நிச்சயதார்த்தத்திலேயே சபை நடுவில் கேட்டுவிட்டாராம்: "அந்தக் கையால முடிச்சு வுழுமா?"

"அக்கா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?" என்றார் மாப்பிள்ளை. "தாலி கட்டறப்ப என்னை நிறுத்தாதீங்க. எடுத்த வேகத்துல கட்டிடுவேன். நின்னா கை ஆடுது. கயிறு வழுக்குது."

அவருடைய ரூமில் தங்கியிருக்கும் திருநெல்வேலிக்காரர், கூட வேலை செய்கிறவர், சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். "எக்கா, நீங்க பயப்படாதிய. நாள்கணக்கா ஷிப்ட் முடிஞ்சு வந்து ஜன்னல் கம்பிக்குத் தாலி கட்டிட்டுத்தான் தூங்குதான். எங்க ரூம் ஜன்னல் இப்ப சுமங்கலி."

"சும்மா இர்ரா டேய்."

இருவரும் சிரித்தார்கள். அங்கவஸ்திரத்துக்குள் கை மட்டும் சிரிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

பயம் எனக்குத் தொற்றியது அங்கேதான். கயிறு கை தவறி விழுந்தால் யாரும் அவரைப் பேச மாட்டார்கள். பெண்ணைப் பேசுவார்கள். ராசி என்பார்கள். நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், வீட்டில் ஒரு பால் பாத்திரம் பொங்கிக் கவிழ்ந்தாலும், அன்னிக்கே நழுவிச்சே என்பார்கள். மண்ணூரில் வளர்ந்த பெண், செல்போன் கம்பெனி லைனில் நின்று சம்பாதித்துத் தன் கல்யாணப் புடவையைத் தானே எடுத்தவள். இத்தனையும் இப்போது ஒரு நூல் முனையில் தொங்கியது.

வீடியோக்காரர் பெண் வீட்டு ஏற்பாடு. அவர் கேமராவில் விழுவது அப்படியே மண்டபத்துப் பெரிய திரையில் தெரியும். அவரிடம் போய், "தாலி கட்டறப்ப ஹோல்ட் சொல்லி நிறுத்தாதப்பா" என்றேன்.

"இன்னாக்கா நீ? ஹோல்ட் இல்லாம ஸ்லோ மோஷன் எப்டி போடறது? சரி வுடு, உனுக்காக வாயை மூடிக்கினு கீறேன்."

அவர்கள் வழக்கத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது. மீதி இரண்டும் அவருடைய அக்கா போடுவார். முதல் முடிச்சில் அக்காவின் கை படக்கூடாது. அக்கா பின்னால் நின்று பெண்ணின் பூச்சடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கெட்டிமேளம். அந்தக் கை வெளியே வந்தது. குனிந்தார். கயிறு கழுத்தைச் சுற்றிப் பின்னால் போனது. போகட்டும், போகட்டும், நிற்காமல் போகட்டும்.

"மாப்ள! மாப்ள! ஒரு தபா இங்க பாரு!"

மேடைக்குக் கீழே தாய்மாமன், தலைக்கு மேல் செல்போன். முகத்தில் துளி விஷமம் இல்லை. ஆசையாக ஒரு படம் எடுக்கப் பார்த்தார், அவ்வளவுதான். பெரியவர் கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளை இவர். திரும்பினார். நின்றுவிட்டார். கை ஆடியது. கயிற்றின் ஒரு முனை கட்டைவிரலைத் தாண்டி வழுக்கி, பெண்ணின் முதுகுப் பக்கம் இறங்கியது.

என் கால் என்னைக் கேட்கவில்லை. நகர்ந்து போய் வீடியோ கேமராவுக்கு நேர் முன்னால் நின்றேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு கிடையாது. திரை முழுக்க வேர்வையில் நனைந்த என் முதுகு.

"ஏய், யாரும்மா அது? நவுரு!"

"அக்கா! ஃபிரேம்! ஃபிரேம்க்கா!"

என் லென்சுக்குள் மட்டும் அது நடந்தது. தலை குனிந்து கைகூப்பி உட்கார்ந்திருக்க வேண்டிய பெண். கூப்பிய கைகளில் ஒன்று பிரிந்தது. மல்லிகைக்கு அடியில் ஏறியது. இறங்கிக்கொண்டிருந்த முனையை ஒற்றை விரலால் பிடரியோடு அழுத்திக்கொண்டது, நகம் வெளுக்கும் அளவுக்கு. அந்த விரலைச் சுற்றியே அவர் வளையம் போட்டார். அவள் விரலை உருவிக்கொண்டாள். முடிச்சு விழுந்தது. மேலே மழை மாதிரி அட்சதை. நான் படம் எடுத்திருந்தேன். தெரிந்து அழுத்தினேனா, நடுக்கத்தில் அழுந்தியதா, சொல்லத் தெரியவில்லை.

தாய்மாமன் மேடையேறி நேரே என்னிடம் வந்தார். "இன்னாம்மா, தாலி கட்றத பாக்க வந்தா உன் முதுகத்தான் பாத்தோம். நல்லாக்கீது உன் மரியாதை."

"கால் தடுக்கிடுச்சுண்ணா."

"படமாவது கீதா? காட்டு."

கேமராவின் சின்னத் திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். அதற்குள் பெண் கையை நீட்டி வாங்கிவிட்டாள். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"அழிச்சிடுங்க அக்கா," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எதுக்கு அழிக்கணும்?" அவளுக்கும் கேட்டுவிட்டது. "ஆல்பத்துல இதான் மொதல் படம். கட்னது நீங்க, புடிச்சது நானு. யாரு கிட்ட திருடினோம்?"

சொல்லிவிட்டு கேமராவை மாமன் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரிடம் என்ன சொல்லப் போகிறாரோ என்று கூட்டத்தில் அவர் தலையையே தேடிக்கொண்டிருந்தேன்.

பந்தியில் கண்ணில் பட்டார். பாயச வாளியோடு பரிமாறிக்கொண்டு, ஜோடியின் இலைக்கு நேர் எதிரே. அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் லைட்டைப் போட்டார். "மாப்ள, பொண்ணுக்கு ஒரு வாய் ஊட்டி வுடுங்க!"

சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரு திரை இருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். குறுக்கே போய் நிற்கச் சொல்கிற பார்வை. நிற்க இடமும் இருந்தது. கால் எழுந்தது. அதற்குள் அவள் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள், அவ்வளவு பேர் முன்னால், வெட்கமே இல்லாமல்.

நான் நகரவில்லை. ஜாங்கிரியின் ஒரு துண்டை மூன்று விரல்கள் எடுத்தன. ஆடிக்கொண்டே போயின. திரை முழுக்க அந்தக் கை. வாளியைப் பிடித்தபடி தாய்மாமன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் யாரோ "பாயசம், பாயசம்" என்று கூப்பிடுவது காதில் விழாமல்.