ஆள்காட்டிக் கூட்டுக்கு நட்ட கம்பு

தையல்காரிக்குக் கண் ஊசியில் இருக்க வேண்டிய நேரத்தில் வயலில் இருக்கும். கடையின் பின்கதவைத் திறந்தால் வயல்வெளி. மெஷினுக்குப் பக்கத்திலேயே பைனாகுலர். அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கியபடி நிற்க, இவள் பின்கதவில் நிற்பாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று சட்டை தைத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

மழைக்காலத்தில் கொக்குகள். பனிக்காலத்தில் வரப்பெல்லாம் வாலாட்டிக் குருவிகள். இவை எங்கிருந்து வருகின்றன, யார் வழி சொன்னார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால் அவளுக்குத் தூக்கம் போச்சு. கோடையில் ஆள்காட்டிக் குருவி. கூடு கட்டவெல்லாம் அதற்குப் பொறுமை கிடையாது. வெறும் தரையில் மண்கட்டிகளுக்கு நடுவே முட்டையிட்டுவிடும். முட்டையும் மண் நிறம்தான். இந்த வருஷம்தான் முதல்முறையாக அந்த முட்டை அவள் கண்ணில் பட்டது.

அந்த வயலில் டிராக்டர் ஓட்டுபவர் அவளுடைய அண்ணன். கோடை உழவில் முட்டை நசுங்கிவிடக் கூடாதே என்று பக்கத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள். மறுநாள் முட்டை இல்லை. அதே ஜோடி தள்ளிப்போய் மறுபடி இட்டது. மறுபடி கம்பு, மறுபடி காலி. இந்தத் தடவை பார்த்துவிட்டாள்: கம்பின் உச்சியில் ஜம்மென்று ஒரு காக்கை. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று காக்கைக்கு வழி காட்டியிருக்கிறாள். அன்று முழுக்க அவளுக்கு மனசே ஆறவில்லை.

மூன்றாவது முறை இட்டபோது உழவு நெருங்கிவிட்டது. இதுவும் போனால் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

"இனிமே கம்பு நடமாட்டேண்ணே. ஆனா நீ எப்படிக் கண்டுபிடிப்பே? நான் கிட்டப் போனாலே அது நைசா நழுவி, எங்கயோ தள்ளி நின்னு கத்துது. முட்டை எங்கேன்னு எனக்கே குழம்புது."

"நான் பாத்துக்கறேன். நீ கடையிலேயே இரு."

"நசுக்கிட்டு வந்தே, உன் சட்டைக்கு ஒரு பட்டன்கூட தைக்க மாட்டேன்."

"சரி தாயே."

உழவன்று பின்கதவை விட்டு அவள் நகரவில்லை. டிராக்டர் நேரே அந்தப் பக்கம் வந்தது. அண்ணன் வேகத்தைக் குறைக்கிற வழியைக் காணோம். கத்தினாலும் கேட்காது. இப்போது பறவை நழுவிவிடும், அப்புறம் இவருக்கு என்ன தெரியப்போகிறது?

நழுவவில்லை. எழுந்து நின்றது. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு முன்னால் இரண்டு சிறகையும் விரித்து, ஓர் அடி நகராமல் கத்தியது. அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் விட்டுச் சுற்றிப் போனார்.

அவள் வயலுக்கே ஓடிவிட்டாள்.

"எப்பவும் அப்படித்தாம்மா. ஆளைப் பாத்தாதான் நழுவும். வண்டிய எதுத்து நிக்கும். மாடுன்னு நெனச்சுக்குமோ என்னவோ."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீதானே பறவை பாக்கறவ. உனக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன். கம்பு நட்டப்பகூட, வேற ஏதோ கணக்கு போலன்னு நெனச்சேன்."

அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் அவள் பார்த்ததெல்லாம், ஆளைக் கண்டு பயந்த பறவைகளைத்தான். பயப்படாதபோது அவை என்னவெல்லாம் செய்கின்றனவோ, யார் கண்டது?

"தள்ளி உக்காருண்ணே," என்று சொல்லி டிராக்டரில் ஏறினாள்.