ஏழுமலையின் முன்கைத் தோல்

பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கும் பிள்ளைகள் என் முதல் வெற்றியைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கோ, கோடு போட்டுவிட்டுச் செய்யாமல் விட்ட ஓர் ஆபரேஷன்தான் நினைவில் மிதந்து வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நெட்டுக்குப்பத்து ஏழுமலை, விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் வலது கை சிக்கி வந்திருந்தார். புறங்கைத் தோல் போய்த் தசைநார் வெளியே தெரிந்தது. முன்கைத் தோலை ரத்தக்குழாயோடு எடுத்துத் திருப்பி அங்கே வைப்பது ஃபோர்ஆர்ம் ஃப்ளாப். நான் புதிதாகக் கற்றிருந்த வித்தை. செய்து பார்க்கக் கை துறுதுறுத்தது. “பக்கத்துத் தோல எடுத்து மூடிடலாம்” என்று அவசரமாகச் சொல்லி, இடது கட்டைவிரலில் கைநாட்டு வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டரில் மயக்க ஊசி போட்டு அவர் பாதி உறக்கத்தில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே வெளுப்பு. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. எனக்கும் எல்லாம் கனவில் நடப்பது போலத்தான் இருந்தது. முன்கையில் நீல மையால் கோடு போட்டேன். அங்கே பச்சை குத்தியிருந்த அவர் பேருக்கும் ஊருக்கும் குறுக்கே கோடு போனது. புண்ணின் அளவுக்கு அதை நகர்த்த இடமில்லை.

ஏழுமலை கண்ணைத் திறந்தார். “அத்தயா அறுக்கப் போற டாக்டரு? எங்க நைனா நாலு நாள் கழிச்சிக் கரை ஒதுங்கனாரு. மூஞ்சே தெர்ல. கைல பேரு கீதுன்னுதான் வூட்டுக்கு எடுத்துகினு வந்தாங்க. பேரு பூட்ச்சின்னா நான் யாரோ எவனோதானே.” மறுபடி உறங்கிவிட்டார்.

தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும், மயக்க ஊசியில் இருப்பவர் பேச்சைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார் எங்கள் சீஃப். இரண்டும் நியாயம்தான்.

“வெவரம் தெரியாம அவர் சொன்ன ‘சரி’ய மட்டும் எப்படி சார் கணக்குல எடுக்கறது?” என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கட்டுப் போட்டு வார்டுக்கு அனுப்பினோம்.

மறுநாள் அவர் தெளிந்ததும் மனைவி தனத்தையும் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். இன்னொரு வழி க்ராயின் ஃப்ளாப்: கையை இடுப்புக்குக் கீழே தொடை மடிப்புத் தோலோடு தைத்து மூன்று வாரம் படுக்கை, பிறகு பிரித்தெடுக்க இரண்டாவது ஆபரேஷன், சதையும் தடிப்பாக இருக்கும். இருவரும் வெகுநேரம் பேசி அதையே கேட்டார்கள். அன்றிலிருந்து, எடுக்கப்போகும் தோலின் மேல் விரல் வைத்துக் காட்டி, வேண்டாம் என்று சொல்ல நேரம் கொடுத்த பிறகுதான் காகிதத்தை நீட்டுகிறேன்.

அந்த மூன்று வாரமும் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் பயந்தேன். அவரோ மத்தியான உறக்கத்தில் கடலுக்குப் போய்வந்த கதையைச் சொல்வார். சீழ் பிடிக்கவில்லை.

கையைப் பிரித்தெடுத்துப் புண் ஆறிய பிறகு, நான் முதலில் நினைத்தபடி செய்திருந்தால் அழகாக வந்திருக்கும் என்றார் சீஃப். உண்மைதான். புறங்கை பூரி மாதிரி உப்பியிருந்தது. ஏழுமலை அதையும் பச்சை குத்திய முன்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்ல விரல்களை மடக்கினார்.

“பாக்கக் கலீஜாத்தான் கீது டாக்டரு. ஆனா நான்தான்.”